இரண்டு விரல் கீழே

கண்ணாமுனைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு நான் பதினேழு வருடமாக வண்ணக்கர். கோயில் திறப்புக்கும் கோயில் சண்டைக்கும் பொறுப்பான ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இராசதுரை. எனக்குக் கோபம் முன்னால் வரும், நான் பின்னால் வருவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப் போவது சாமியே இல்லை என்று சொல்கிற ஒரு பெண்ணைப் பற்றி. அவளைப் புகழ்ந்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவளும் நானும் பேசத் தொடங்கினால் பக்கத்து வளவு நாய் எழும்பிப் போய்விடும்.

அவள் கேதீஸ்வரி. பெயரைப் பாருங்கள், தகப்பன் சிவனுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளையாம். ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது. நாங்கள் மிசி என்று கூப்பிடுவோம். யுத்த காலத்தில் ஆற்றுக்கு இக்கரை ஒருவர் கையில், அக்கரைப் படுவான்கரை இன்னொருவர் கையில். இரண்டு பக்கத்துக் காவல் சென்றியிலும் பையைத் திறந்து காட்டிவிட்டுத் தோணியில் போய்ப் பிள்ளை எடுத்தவள். தமிழ் வீடு, சோனக வீடு என்று பார்த்ததில்லை. பிள்ளை அழுததும் ஒரு வீட்டில் "அம்மாளே" என்பார்கள், இன்னொரு வீட்டில் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். மிசி பாட்டுக்குக் கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை கோயில் வாசலில் வைத்தே கேட்டேன். "உனக்குச் சாமியும் இல்ல, நரகமும் இல்ல. மறுகா ஆருக்குப் பயந்து ஒழுங்கா நடக்கிற?"

"அப்ப அம்மன் பாக்கிறா எண்டுதான் நீங்க களவெடுக்காம இரிக்கிறீங்களா, வண்ணக்கர்?" என்றாள். "இண்டையில இருந்து என்ர கோழியக் கொஞ்சம் வெள்ளனயே அடைக்க வேணும்."

சனம் சிரித்தது. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

2004 மார்கழி இருபத்தாறாம் திகதி காலையில் மிசி அக்கரையில் மாவடிவெட்டை என்ற ஊரில் இருந்தாள். அங்கேதான் என் மகள் வதனியைக் கட்டிக்கொடுத்திருந்தேன். வதனிக்கு முதல் பிள்ளை. காலை எட்டே முக்காலுக்கு என் பேத்தி யதுசியா பிறந்தாள். கொஞ்ச நேரத்தில் இக்கரையில் கடல் எழும்பி வந்தது. மிசியின் மகன் நிலோஜனுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த வீடே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு என் பேத்தியை எடுக்கப் போகாமல் இருந்திருந்தால் என்று நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு. அன்றைக்குக் கடல் அந்தத் திட்டை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. தண்ணீர் வற்றியபோது அங்கே நீளமான ஒரு பள்ளக் கிடங்கு கிடந்தது. உடல்களை வைத்திருக்க ஏலாது. மூன்றாம் நாள் இருபத்துமூன்று பேரை அந்தக் கிடங்கிலேயே அடக்கினோம். பத்தொன்பது பேர் எங்கள் சனம், நாலு பேர் பக்கத்துச் சோனகத் தெருவார்கள். இறால் தோணி வைத்திருக்கிற றவூபின் மனைவி பஹீமாவும் அதில் ஒருத்தி. அவர்களின் மையவாடிக்குக் கொண்டுபோகப் பாதை இருக்கவில்லை.

அந்த இடத்தில் நான் ஒரு கல் நாட்டினேன். கறுப்புக் கல், இருபத்துமூன்று பெயரும் வெட்டி, அடியில் "உபயம்: வண்ணக்கர் இராசதுரை" என்று. என் பெயர் செத்தவர்களின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. கல் வெட்டினவனின் பிழை என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு மார்கழியும் விளக்கு வைத்துப் பெயர்களை வாசிப்பேன். மிசி விளக்கு வைக்க வரமாட்டாள். மற்ற நாட்களில் போய்ப் புல் பிடுங்குவாள், நாய் கிண்டாமல் முள் வைப்பாள், வடக்குப் பக்கத்தில் இருந்து மூன்றாவதாக நிலோஜனை வைத்த இடத்துக்கு நேரே கொஞ்ச நேரம் குந்தியிருப்பாள். ஒருநாள் அதைக் கண்டு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கடவுள் இல்லையெண்டா உன்ர மகன் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. உள்ளங்கையை மணலில் வைத்தாள். "இஞ்ச" என்றாள்.

அந்தச் சொல் என்னை விட்டுப் போகவே இல்லை. எங்களுக்கெல்லாம் செத்தவர்களை வைக்க மேலே ஓர் இடம் இருக்கிறது. அவளுக்கு இருந்தது அந்த ஆறடி மணல் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு புது வேலை தொடங்கினாள். ஆற்றோரம் துறையடியில் ஒரு நீளத் தடியை நாட்டி, எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று விரல் விரலாகச் சிவப்பு வெள்ளைக் கோடு கீறினாள். காலையும் மாலையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கொப்பியில் எழுதுவாள். கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு வற்றுகிறது என்பதும் அதில் இருக்கும். ஆறு வருடத்தில் பதினொரு கொப்பி. "மிசி தடிக்குப் பூசை வைக்கிறா" என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் தன் பாட்டுக்குத் தடியைக் கழுவுவாள்.

இனி 2011 தை மாதத்துக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து ஒன்றரை வருடம். இடம்பெயர்ந்த சனம் அக்கரைக்குத் திரும்பிப் போய்த் தகரக் கொட்டில் போட்டு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வயல் வட்டை முழுக்க வேளாண்மை செய்திருந்தது. கதிர் தள்ளுகிற நேரம் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. குளங்கள் உடைப்பெடுத்தன. அந்தத் தண்ணீரெல்லாம் ஆற்றுக்குள் வந்து நிறைந்து, கடலுக்குப் போக வழியில்லாமல் அக்கரைக்குத் திரும்பி ஏறியது. பொங்கலுக்கு நாலு நாள் இருக்க, மாவடிவெட்டைச் சனம் அறுபது குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குள். வதனியும் யதுசியாவும் அங்கே. மருமகன் கொழும்பில் மேசன் வேலை.

காலையில் றவூப் ஒரு தோணியைக் கொண்டு போகப் பார்த்தான். நடு ஆற்றில் மரம் அடித்துத் தோணி கவிழ்ந்தது. அவனையும் கூடப் போனவனையும் கயிறு போட்டு இழுத்து எடுத்தோம். றோட்டெல்லாம் அறுந்து கிடந்தது, வெளியே இருந்து யாரும் வர வழியில்லை. இனிச் செய்ய ஒன்றுதான் இருந்தது. மணல்திட்டை வெட்டி ஆற்றைக் கடலோடு சேர்த்துவிட வேண்டும். ஆற்றுவாய் வெட்டுவது என்று அதற்குப் பெயர்.

எங்கள் ஊரில் ஆற்றுவாய் வெட்டுவது சும்மா மண் வெட்டுகிற வேலை இல்லை. கோயிலுக்கு நேரே, இரட்டைப் பனையடியில், பாட்டன் பூட்டன் வெட்டிய அதே இடத்தில்தான் வெட்ட வேண்டும். கோயில் பூசாரி கட்டாடியார் மடைப் படையல் வைத்து மந்திரம் சொல்லி நேரம் பார்த்துக் கொடுப்பார். முதல் மண்வெட்டி எங்கள் குடிக்கு உரிமை. அந்த உரிமைக்காக என் தகப்பனார் ஒரு கை முறிந்தவர். நான் பத்து மணி பத்து நிமிடத்துக்கு, தலைப்பாகை கட்டி, முதல் மண்வெட்டியைப் போட்டேன். எண்பது பேர் இறங்கினார்கள். சோனகத் தெருவில் இருந்து முப்பது பேர் மண் அள்ளும் சவளோடு வந்தார்கள். மழை முகத்தில் அடித்தது. எனக்குச் சன்னதம் வந்த மாதிரி ஒரு வேகம், அறுபத்திரண்டு வயதை மறந்து வெட்டினேன்.

ஒன்றரை மணித்தியாலம் வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வெட்டிய இடம் அரைவாசி இடிந்து மூடிக் கிடந்தது. கடல் இன்னும் தூரத்தில் நின்றது. சுனாமிக்குப் பிறகு ஆறு வருடம் ஆற்றுவாய் வெட்டுகிற அளவுக்கு வெள்ளம் வரவில்லை. அந்த ஆறு வருடத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து இரட்டைப் பனையடியில் குவித்திருந்தது. அப்பன் காலத்தில் எட்டி வைத்து நடந்தால் நாற்பது கவடு அகலமாக இருந்த திட்டு இப்போது நூற்றைம்பது கவடு. ஒவ்வொரு மாதமும் அந்த இடத்தில் மடை வைத்தோம். எங்களில் ஒருவர்கூட அளந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் மிசி வந்தாள். தலையில் பொலித்தீன் பை, கையில் கொப்பி.

"வண்ணக்கர், எத்தினை மணிக்கு முடியும்?"

"அம்மன் விட்ட நேரத்தில முடியும்."

"அம்மன் விடுற நேரத்த மணியில சொல்லுங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இஞ்ச நிண்டு நாத்திகம் பேசாத. என்ர புள்ளை அங்க தண்ணிக்குள்ள நிக்கிறாள்."

"அதுக்குத்தான் கேக்கிறன். போனத் தாங்க."

என் சட்டைப்பையில் இருந்து போனை அவளே எடுத்து வதனிக்கு அடித்தாள். "வதனி, மிசி பேசுறன். அழாத. யன்னல் விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவில விரல வச்சுப் பார். எத்தினை விரல்? உன்ர விரலால, யதுசியாட விரலால இல்ல." கொஞ்ச நேரம் பொறுத்தாள். "பதினேழா? சரி. புள்ளையள மேசைக்கு மேல ஏத்தி யன்னலடியில இருத்து. போன நிப்பாட்டி வை, பெற்றரி போயிரும். ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் மட்டும் போட்டு எத்தினை விரல் எண்டு சொல்லு."

போனைத் தந்துவிட்டுக் கொப்பியைப் பொலித்தீனுக்குள் வைத்தபடியே என்னிடம் காட்டினாள். "மணிக்கு ரெண்டு விரல் ஏறுது. இந்தக் கணக்கில இரவு எட்டு மணிக்கு யன்னல். அதுக்குப் பிறகு புள்ளையள வைக்க இடமில்ல. இந்த இடத்தில நீங்க வெட்டி முடிக்க நாளைக்குப் பகலாகும்."

சுற்றி நின்ற எல்லோரும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"வேற எங்க வெட்ட?" என்று றவூப் கேட்டான்.

அவள் கையை நீட்டினாள். கையின் திசையைப் பார்த்தேன். கறுப்புக் கல் தெரிந்தது.

"அதுதான் திட்டில பதிஞ்ச இடம்" என்றாள். "முப்பத்திரண்டு கவடுதான். சுனாமி அறுத்த இடம், கீழ இளகின மணல். மூணடி வெட்டினாக் காணும், மிச்சத்தத் தண்ணி தானே வெட்டும். கடல் மூண்டரைக்கு நல்லா வத்தும். அந்த நேரம் திறந்தா ஆறு இழுத்துக்கொண்டு ஓடும். பிந்தினாக் கடல் ஏறி, மணலத் தள்ளி மூடிப்போடும்."

"அது சமாதி" என்றார் கட்டாடியார்.

"கபுறு" என்றான் றவூப்.

எனக்கு என் பிள்ளை அங்கே நிற்கிறாள் என்பது தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். இருபத்துமூன்று பேரின் மேல் மண்வெட்டி வைக்கிற பாவத்தை எந்தக் கோயிலில் கொண்டுபோய் இறக்குவது என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறா என்ற நினைப்பு அந்த இடத்தில் என் கையைக் கட்டிப்போட்டது. என் பேத்தியின் உயிரைவிட எனக்கு வரப்போகும் பாவம் பெரிதாகத் தெரிந்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"மிசி, அதுக்குள்ள உன்ர மகனும் கிடக்கிறான்" என்றேன்.

"ஓம். எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. மழைக்குள் எல்லோரும் கிட்ட வந்து கேட்டார்கள். "உங்கட ஆக்கள் மேல இரிக்காங்க எண்டு சொல்லுறீங்க. றவூபுட பஹீமா சுவர்க்கத்தில எண்டு அவர் சொல்லுறார். நல்லது, இரிக்கட்டும். எனக்கு அப்பிடி ஒரு இடமும் இல்ல. இந்த மணல்தான் என்னட்ட இரிக்கிற எல்லாம். நான்தான் வெட்டச் சொல்லுறன்."

றவூப் கல்லின் பக்கம் திரும்பி நின்றான்.

"அண்டைக்குக் கடல் வரப்போகுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். "அதால ஆரையும் குத்தம் சொல்ல ஒண்ணா. இண்டைக்கு எனக்குத் தெரியும், எத்தினை மணிக்கு எத்தினை விரல் எண்டு. தெரிஞ்சுகொண்டு சும்மா நிண்டா, நான் கடலவிடக் கேடு கெட்டவள். மேல ஒருத்தர் பாத்துக்கொள்ளுவார் எண்டா நானும் ஆறுதலா இருப்பன். ஒருத்தரும் இல்ல. நாமதான் இரிக்கம்."

"பாவம்..." என்று கட்டாடியார் தொடங்கினார்.

"பாவத்த என்ர தலையில போடுங்க. நான் போற இடத்தில கேக்க ஆளில்ல."

சொல்லிவிட்டு என் கையில் இருந்த மண்வெட்டியைப் பறித்தாள். என் குடிக்கு உரிமையான முதல் மண்வெட்டி. நான் விட்டுவிட்டேன். அவள் கல்லைத் தாண்டி நேரே வடக்குப் பக்கம் போனாள். மூன்றாவது இடத்தில் நின்றாள். அந்த இடத்தில் வேறு ஒருவர் கை படக்கூடாது என்று நினைத்தாளாக்கும். மண்வெட்டியை ஓங்கி அங்கேயே முதல் வெட்டுப் போட்டாள்.

அத்தனை ஆம்பிளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மூன்று, நாலு, ஐந்து என்று வெட்டிக்கொண்டே போனாள். மழையில் அவள் முகத்தில் கண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் முகத்தில் இருந்தது.

றவூப்தான் முதலில் அசைந்தான். இரண்டு கையையும் ஏந்தி பாத்திஹா ஓதினான். மையத்தாகிப்போன தன் மனைவிக்கு நேரே நின்று, "பஹீமா, மன்னிச்சிரு. புள்ளையளுக்காக" என்று சொல்லிவிட்டுச் சவளை எடுத்தான். பிறகு எல்லோரும் ஓடினோம். கட்டாடியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் அம்மனைக் கும்பிட்டேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. வெறுங்கையால் மணலை அள்ளி எறிந்தது ஞாபகம் இருக்கிறது.

அப்படி ஒரு வேலையை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. ஆள் பிடித்து ஆள் மாறி வெட்டினார்கள். பெண்கள் கடகத்தில் அள்ளினார்கள். சோனகத் தெருவில் இருந்து தேத்தண்ணி வாளி வாளியாக வந்தது. குடிக்க நிற்காமல் குடித்துக்கொண்டே வெட்டினோம். எந்தக் குடி முன்னுக்கு, எந்தக் குடி பின்னுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மிசி கரையில் ஒரு கம்பை ஊன்றிக் கடல் வற்றுவதைப் பார்த்துப் பார்த்துச் சத்தம் வைத்தாள். ஒரு மணிக்கு வதனி எடுத்தாள். "பதினாலு விரல், அப்பா" என்றாள். பின்னால் யதுசியா அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு மணிக்கு நான் எடுத்துப் பார்த்தேன், போன் வேலை செய்யவில்லை.

"பெற்றரி போயிருக்கும்" என்றாள் மிசி. "வெட்டுங்க."

மூன்று மணிக்குக் குறுக்கே கிடந்தது என் கல் மட்டும்தான். அதைத் தோண்டி அகற்ற நேரமில்லை. றவூப் தோணிக் கயிற்றைக் கொண்டுவந்தான். நானே அதில் முடிச்சுப் போட்டேன். பத்துப் பேர் இழுக்க, உபயம் வண்ணக்கர் இராசதுரை குப்புற விழுந்தார். அந்த நேரத்திலும் மிசி என்னைப் பார்த்து, "உங்கட பேர்தான் பாரம் கூட" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன்.

மூன்று முப்பத்தைந்துக்கு ஆற்றுப் பக்கத்துக் கடைசி வரம்பை மிசி கைகாட்ட, றவூப் வெட்டிவிட்டான். முதலில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்தான் வந்தது. சேற்றுத் தண்ணீர், மெதுவாக மணலை நனைத்துக்கொண்டு போனது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். நடுத்திட்டைத் தாண்டியதும் அதற்கு வேகம் பிடித்தது. இரண்டு பக்கத்து மணலும் பாளம் பாளமாக விழுந்தது. "மேல ஏறுங்க, எல்லாரும் மேல ஏறுங்க" என்று மிசி கத்தினாள். நாங்கள் ஏறி முடிக்கவில்லை, ஆறு கடலைப் போய்ப் பிடித்துவிட்டது. பத்து நிமிடத்தில் பத்து அடி அகலம். அரை மணித்தியாலத்தில் ஒரு தோணி குறுக்கே போகலாம். கடல் பக்கத்தில் தண்ணீர் இடி மாதிரிச் சத்தம் போட்டது, மரங்கள் சுழன்று சுழன்று வெளியே போயின. சனம் துள்ளியது. அரோகராவும் தக்பீரும் சேர்ந்து கேட்டது. ஆரை ஆர் கட்டிப்பிடித்தோம் என்று தெரியாது, நான் றவூபைத் தூக்கியே விட்டேன்.

சத்தம் போடாமல் நின்றது மிசி மட்டும்தான். வடக்குப் பக்கத்துக் கரை இடிந்து விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மணல் முழுக்கப் போகும் வரைக்கும் பார்த்தாள். பிறகு திரும்பித் துறையடிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். தடியில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துக் கோணியது. எழுதினாள்.

"ஏறுறது நிக்க இன்னும் மூணு மணித்தியாலமாவது பிடிக்கும்" என்றாள். "மறுகாதான் இறங்கும்."

"அதுவரைக்கும் அங்க தண்ணி யன்னலுக்கு வராதா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, வண்ணக்கர்."

அம்மன் காப்பாற்றுவா என்று அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. என் பக்கத்திலேயே விடியும் வரைக்கும் இருந்தாள்.

வெள்ளாப்பில் ஆற்றின் இழுவை குறைந்திருந்தது. றவூப் இன்னொரு தோணியை எடுத்தான். மிசியும் நானும் ஏறினோம். பள்ளிக்கூடம் கண்ணில் பட்டபோது தண்ணீர் யன்னலுக்கு நல்லாக் கீழே நின்றது. யன்னலில் ஒரு சின்னத் தலை. தோணி முட்டுவதற்குள் நான் தண்ணீரில் குதித்துவிட்டேன்.

வதனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளிடம் மிசி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கடைசியா எத்தினை விரலில நிண்டது?"

"இருட்டுப்படக்கை மூணு விரல் இருந்திச்சு மிசி. அதுக்குப் பிறகு ஏறல்ல. மூணுதான். நூறு தரம் வச்சுப் பாத்தன்" என்றாள் வதனி.

மிசி அதையும் எழுதினாள். பிறகு யதுசியாவைத் தூக்கி மடியில் வைத்து, நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். பார்த்து முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தைக் கழுவித் துப்புரவாக்கினோம். கண்ணாமுனையில் சமாதியும் இல்லை, கல்லும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடியது. செத்தவர்களின் பெயருக்கு ஓர் இடம் வேண்டும் என்று எனக்கு மனம் அரித்தது. ஒரு ரின் நீலப் பெயின்ரும் தூரிகையும் வாங்கிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். வகுப்பறைச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்துக்கு நீளமாக ஒரு கோடு கீறி, திகதி போட்டு, அதன் கீழே இருபத்துமூன்று பெயரையும் எழுதினேன். வருடா வருடம் வாசித்தபடியால் பெயரெல்லாம் மனப்பாடம். பஹீமாவின் பெயரை எழுதும்போது றவூப் பக்கத்தில் நின்று எழுத்துப் பார்த்தான்.

நான் எழுதி முடிக்கிற நேரம் மிசி தராசோடு வந்தாள். மாவடிவெட்டைப் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற நாள். சுவரைக் கண்டு நின்றாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். நிலோஜன் என்ற இடத்தில் உள்ளங்கையை வைத்தாள், அன்றைக்கு மணலில் வைத்த மாதிரியே. பெயின்ற் காயவில்லை, கையில் நீலம் ஒட்டியது.

"உங்கட பேரக் காணல்ல?" என்றாள்.

"இடம் காணாது" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் பார்த்தாள். யன்னல் விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்தாள். ஒரு விரல்தான் போனது.

"வண்ணக்கர், கோடு பிழை. ரெண்டு விரல் மேல போயிற்று."

எனக்குச் சுறுக்கென்றது. பிடிபட்டுவிட்டேன். தண்ணீர் விளிம்போடு வந்து நின்றது என்று இருந்தால் கேட்கிறவர்களுக்கு மயிர் கூச்செறியும் என்று நான்தான் கொஞ்சம் ஏற்றிக் கீறினேன்.

"ரெண்டு விரலில என்ன வந்திரிக்கி?" என்று சத்தம் போட்டேன். "பாக்கிற சனம் கும்பிடட்டும் எண்டு கீறினன்."

"கும்பிட இல்ல, அளக்க" என்றாள். "அடுத்த வெள்ளத்துக்கு நீங்களும் இரிக்கமாட்டீங்க, நானும் இரிக்கமாட்டன். வாறவன் இந்தக் கோட்டப் பாப்பான். போனமுறை இதுவரைக்கும் வந்தும் ஒருத்தரும் சாகல்லதானே, இன்னும் கொஞ்சம் பொறுப்பம் எண்டு நிப்பான். அந்த ரெண்டு விரலுக்குள்ள ஒரு புள்ளை போயிரும்."

நான் இன்றைக்கும் வண்ணக்கர்தான், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறேன். அம்மனுக்குப் பயந்துதான் நல்லது செய்கிறேன் என்பதும் உண்மை. பயப்பட ஒருவரும் இல்லாதவள், கைம்மாறு தர ஒருவரும் இல்லாதவள், பெற்ற பிள்ளையின் பெயருக்கு மேலே கூட இரண்டு விரல் பொய்யை விடமாட்டேன் என்று நின்றாள். அம்மனிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

தகட்டுத் துண்டால் கோட்டைச் சுரண்டினேன். மிசி பெயின்ற் ரின்னைப் பிடித்தாள். வதனி யன்னல் விளிம்புக்குக் கீழே மூன்று விரலைச் சேர்த்து வைத்தாள். அந்த விரலுக்குக் கீழே கோட்டைக் கீறினேன்.